மருந்து கடனுக்குக் கிடைக்கிறது; விதை எங்கே?

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்து மானாவாரி மண்ணில் ஆடிப் பட்டத்தில் விதைத்த மணிலா, முப்பதாம் நாளை ஒட்டி மஞ்சட்பூச் சூடி நிற்கும். பூ வாடியதும் விழுது இறங்கி மண்ணுக்குள் புகும்; அங்கேதான் காய் பிடிக்கும். அந்த விழுதுகளுக்கெல்லாம் சோறு போடுவது இலை. பூஞ்சாணம் படையெடுப்பதும் அந்த இலையின்மீதே, அதே நாட்களிலே!

மூட்டமும் தூறலும் சில நாள் நீடித்தாற் போதும். சென்ற பட்டத்தில் உதிர்ந்து மண்ணிற் கிடந்த சருகிலிருந்து நோய்வித்துக்கள் காற்றோடும் மழைத்துளியோடும் கிளம்பி இலையில் ஒட்டுகின்றன. முதலில் மஞ்சள் வளையமிட்ட புள்ளி, அடுத்துக் கரும்புள்ளி, பின்னர் இலையின் அடிப்புறத்தில் செம்பொடி தூவினாற்போல் துரு. டிக்கா என்றும் துரு என்றும் ஏட்டிலே பெயருண்டு. உழவன் அறிந்த பெயர் ஒன்றே: நட்டம். இரண்டும் சேர்ந்து தாக்கினால் விளைச்சலில் பாதிக்கு மேல் போவதும் உண்டு. இலையுதிர்ந்த கொடி மாட்டுத் தீவனத்துக்கும் தேறாது.

விதி என்கிறார்கள் சிலர். மழை நம் கையில் இல்லை, மெய்தான். விதை யார் கையில் இருக்கிறது?

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் டி.எம்.வி. 2 என்னும் இரகத்தை வழங்கியது. தென்னாட்டு மானாவாரி நிலங்களைப் பல்லாண்டுகள் ஆண்ட இரகம் அது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் எதிர்நிற்கும் வலு அதற்கில்லை. புதிய இரகங்களின் எதிர்ப்பாற்றலை அளக்க விரும்பிய ஆராய்ச்சியாளர்கள், நோய்க்குத் தோற்கும் செடி எப்படியிருக்கும் என்று காட்ட அருகிலே நட்டது இந்த டி.எம்.வி. 2-ஐத்தான்!

வலுவுள்ள செடி கிடைக்காமலா போயிற்று? பொலிவியாவில் காட்டுச் செடியாக வளரும் கார்டனேசி என்னும் கடலையினத்தின் எதிர்ப்புத் திறன், நாடு விட்டு நாடு கைமாறிய விதைகளின் வழியே பதான்செரு இக்ரிசாட் நிலையத்துக்கு வந்தது. அங்கு உருவான செடியைக் கொண்டு தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் ஜி.பி.பி.டி. 4 இரகத்தை ஆக்கியது. துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்கி நிற்கும் இரகம். காட்டுச் செடி தந்த அந்தக் கொடைக்கு எவரும் காப்புரிமை கேட்கவில்லை என்பதையும் தோழர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறகு ஏன் உழவன் கைக்கு வரவில்லை? வியாபாரக் கணக்கில் இருக்கிறது விடை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். விதைத்தது ஏறத்தாழப் பத்து மடங்காகத்தான் திரும்பும். நெல்லைப்போல் ஒரே பட்டத்தில் பெருக்கிவிட முடியாது. பாரம் அதிகம், சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் குன்றும். ஒருமுறை வாங்கியவன் மறுமுறை தன் வீட்டு விதையையே போடுவான். இதில் கம்பெனிக்காரனுக்கு என்ன இலாபம்? பூஞ்சாணக் கொல்லியிலோ பட்டந்தோறும் இலாபம். ஆகவே மருந்து கடைதோறும் அடுக்கியிருக்கிறது, கடனுக்கும் கிடைக்கிறது. காலத்தே தெளித்தால் பலனுண்டு, மறுக்கவில்லை. ஆனால் புள்ளி பரவிய பிறகு ஓடிவரும் ஏழை உழவனுக்கு இலையும் மிஞ்சுவதில்லை, காசும் மிஞ்சுவதில்லை.

இலாபம் இல்லாத இடத்தில் இறங்கவேண்டியது அரசு. 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் எண்ணெய்வித்து இயக்கம் அறிவித்தது. விதை மையங்கள் 65 என்றது. 2025 மே மாத இறுதியில் அதே அரசு, கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆக்கியது. விலைவாசி என்று காரணம் சொன்னார்கள். நுகர்வோன் துயரை நாமும் அறிவோம். அந்த வரிக் குறைப்பின் சுமை கடலைக்காரன் தலையில் இறங்கும்போது, அவனுக்கு ஈடாக நல்விதையாவது தரக்கூடாதா?

ஆடிப் பட்டத்துக்கு முன்பே, சித்திரையிலேயே, ஒவ்வொரு கிளைக் கழகத் தோழரும் தம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்லட்டும். நோய் தாங்கும் கடலை எந்த இரகம், எத்தனை மூட்டை, எந்த ஊர்களுக்கு என்று எழுத்தில் கேட்கட்டும். பதில் வந்தாலும் அனுப்புங்கள். வராவிட்டால், வராத செய்தியையும் அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம்.