எலுமிச்சம்பழ ஸர்பத்

பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டால் எலுமிச்சம்பழத்தின் விலையும் கூடவே ஏறிவிடும். தை, மாசியில் கூடையாக வாங்கக்கூடிய பழத்தைச் சித்திரையில் ஒன்றிரண்டாக எண்ணி வாங்க வேண்டியதாகிறது. ஆகையால், விருந்தினர் வந்த பிறகு கடைக்கு ஆள் அனுப்புவதைக் காட்டிலும், மலிவான காலத்திலேயே பழம் வாங்கிப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். இதற்கு வேண்டியவை சாறு, சர்க்கரை, ஜலம் ஆகிய மூன்றேதான். ஆனால் இவற்றின் அளவு தவறினால் பண்டம் மட்டுமல்ல, தேக சுகமும் கெடும்.

நன்கு பழுத்த, தோல் மெல்லிய பழங்கள் சுமார் இருபத்தைந்து எடுத்துக் கழுவித் துடைத்து, குறுக்கே நறுக்கிப் பிழியவும். ஆசை மிகுதியால் தோலையும் விதையையும் சேர்த்து நசுக்கினால் கசப்பு இறங்கிவிடும். சாற்றை வடிகட்டினால் 500 மில்லி லிட்டர் அளவுக்குத் தேறும். 1½ கிலோ சர்க்கரையை 450 மில்லி லிட்டர் ஜலத்தில் கரைத்து அடுப்பில் ஏற்றவும். கொதி வந்ததும் ஒரு கரண்டி எலுமிச்சஞ் சாறு விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அதை எடுத்துவிடலாம். பாகு பின்னால் கற்கண்டுபோல் உறையாமலிருப்பதற்கும் இதுவே உபாயம். ஒற்றைக் கம்பிப் பதத்தில் இறக்கி, கை பொறுக்கும் சூடாக ஆறிய பின்பே மீதிச் சாற்றைக் கலக்க வேண்டும். கொதிக்கும் பாகில் ஊற்றினால் மணமும் போகும். வைட்டமின் 'ஸி' சத்தும் பெருமளவு அழியும்.

பாத்திரம் எவர்ஸில்வர், கண்ணாடி, பீங்கான் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். கலாய் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. புளிப்புப் பட்டால் அவற்றிலுள்ள தாமிரம் கரைந்து குமட்டலும் வாந்தியும் உண்டாக்கும். மேலும், தாமிரம் பட்டால் வைட்டமின் 'ஸி' விரைவில் சிதைந்துவிடும். இந்தச் சத்து குறைவதால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கவே 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சஞ் சாறு வழங்கத் தொடங்கிற்று என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும்.

"இவ்வளவு சர்க்கரையா?" என்று சிலர் மலைத்து அளவைக் குறைப்பதுண்டு. அது தவறான சிக்கனம். பாகில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு சர்க்கரை இருந்தால், அது நுண்கிருமிகளிடமிருந்து நீரை இழுத்துக்கொண்டு அவற்றைப் பெருக விடாது. சர்க்கரை குறைந்தால் அந்தக் காவல் போய்விடும்; புட்டிக்குள்ளே புளித்துக் குமிழி கிளம்பும். சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால், காய்ச்சும்போதல்ல, தம்ளரில் ஊற்றும்போது குறைப்பதே முறை.

அங்கே குறைக்கத்தான் வேண்டும். ஒரு தம்ளருக்கு 30 மில்லி லிட்டர் பாகு விட்டால் சுமார் 25 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. தேக உழைப்பு மிகாத பெரியவர் ஒருவர் இவ்விதம் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் கூறிய யோசனையின் கணக்கு. அப்படியானால் இரண்டே தம்ளரில் அன்றைய கணக்குத் தீர்ந்துபோகிறது! ஆதலால் ஸர்பத் விருந்துக்குரிய பானமேயன்றித் தாகத்துக்குரிய பானமன்று. தாகத்துக்குப் பானை ஜலமும் நீர்மோரும் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு உபசாரத்தின் பேரில் இதை வற்புறுத்துவது உபசாரமாகாது.

புட்டிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி, பாகை நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். எடுக்கும் கரண்டி உலர்ந்ததாக இருக்கட்டும். கோடை முடிவதற்குள் செலவழித்துவிடுவது நல்லது. குமிழியோ, கள்வாடையோ, பூஞ்சக்காளானோ தென்பட்டால் மேலாக வழித்துவிட்டு உபயோகிக்கலாமென்று எண்ணாமல், முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஒரு புட்டிப் பாகை இழந்தால் இன்னொன்று காய்ச்சிக்கொள்ளலாம். குழந்தையின் வயிறு கெட்டால் வீடே அல்லவா கலங்குகிறது!