குல்பிக்கு எதற்கு இயந்திரம்?

இயந்திரமின்றி வீட்டில் ஐஸ்கிரீம் வகையறாக்களில் இறங்குவது வீண் என்போரை நாங்கள் மறுக்கிறோம். இயந்திரம் என்ன செய்கிறது? உறையும் பாலைக் கடைந்து பனித்துகளை உடைக்கிறது, காற்றையும் புகுத்துகிறது. லிட்டருக்கு 525 கிராம் எடையிருந்தாலே ஐஸ்கிரீம் என்று நம் உணவுத்தர விதி ஒப்புகிறது. ஏறக்குறையப் பாதி காற்று! (காசு மட்டும் முழுசாக.) குல்பிக்கு அந்தக் காற்றே வேண்டாம்.

வடபழனியில் எங்கள் அடுக்களையில் முதல்முறை தோற்றோம். அவசரப்பட்டு, பால் கால்பங்கு சுண்டியதுமே இறக்கியதால் பனி நறநறவென்று கடிபட்டது. மறுமுறை ஒரு லிட்டரை அரை லிட்டருக்கும் கீழே சுண்டவிட்டோம். நீர் குறைந்து சர்க்கரையும் பால்புரதமும் செறிந்தால் பனிப்படிகம் பெரிதாக வளராது. அன்று மின்சாரமும் இல்லை. மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்ட வாளியில் எவர்சில்வர் டம்ளர்களைப் புதைத்தோம். உறைந்தது, கரண்டிதான் வளைந்தது.