சுழியோடிகள் சுமக்கும் ஈயம்

இந்த நலவாழ்வுப் பக்கத்தில் நாம் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்றே எழுதி வருகிறோம். இம்முறை சற்று வேறு விடயம். கோடைகால ஒன்றுகூடலில் ஒரு தாயார் எம்மை ஓரமாக அழைத்து, "என்ர மகன் இடுப்பில முப்பது இறாத்தல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு ரொபமோறித் தண்ணிக்குள்ள இறங்கிறானாம். அதைக் கழற்ற ஏலாமல் போனால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். மகன் ரெக்னிக்கல் டைவிங் பயில்கிறாராம். தாயின் பயம் நியாயமானது. ஆனால் பாதிதான் சரி.

ஒன்ராறியோவின் ரொபமோறியில் 1987 இல் அமைக்கப்பட்ட ஃபதம் ஃபைவ் நீரடிப் பூங்காவில் பழைய கப்பல்கள் பல மூழ்கிக் கிடக்கின்றன. 1884 இல் மூழ்கிய அரேபியா என்ற பாய்க்கப்பல் 100 அடிக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் நீர் கோடையிலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போலத்தான். ஆகவே தடித்த உள்ளாடையும் அதன்மேல் நீர் புகாத ட்ரை சூட்டும் அணிய வேண்டும். அவற்றில் அடைபட்ட காற்று ஆளை மிதக்க வைக்கும். அமிழ்வதற்கு ஈயம் வேண்டும்.

விடுமுறைக்குக் கரீபியன் கடலில் இறங்கும் சாதாரண சுழியோடி, ஆபத்தென்றால் மெதுவாக நேரே மேலே வந்துவிடலாம். ஈயத்தைக் கழற்றி எறிந்து மிதக்கும்படிதான் அவருக்குப் பயிற்சி தருகிறார்கள். 1980 இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலேர்ட் நெற்வேர்க் அமைப்பின் விபத்து அறிக்கைகளைப் பார்த்தால், இறந்தவர்களில் பலர் ஈயத்தைக் கழற்றாமலே மீட்கப்பட்டிருக்கிறார்கள். அத்தகையவர்களின் தாய்மார் பயப்படுவது முழுக்கச் சரி.

ரெக்னிக்கல் சுழியோடியின் கதை வேறு. ஆழத்தில் நெடுநேரம் நின்றதால் அவரது இரத்தத்திலும் தசைகளிலும் நைதரசன் கரைந்திருக்கும். அது வெளியேற, வரும் வழியில் பல இடங்களில் தரித்து நிற்க வேண்டும். சில வேளை ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். நிற்காமல் மேலே வந்தால் உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். மூட்டு வலியோடு தப்பலாம், இடுப்புக்குக் கீழ் உணர்வற்றும் போகலாம். 100 அடியில் இடுப்புப் பட்டி கழன்று விழுந்தால், உடல் மேலெழ, உடைக்குள் இருக்கும் காற்று விரிய, விரிந்த காற்று இன்னும் வேகமாக மேலே தூக்கும். எனவே இவருக்கு ஈயம் கழலாமல் இருப்பதைவிடக் கழன்றுவிடுவதே பெரிய ஆபத்து.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கி, அடியில் அதை விட்டுவிடுவார்கள். வள்ளத்தில் நிற்பவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். மூச்சடக்கிச் சிறிது நேரம் சென்று வருபவருக்கு அது போதும். பாரம் என்றால் வேண்டாதபோது விட்டுவிடுவது என்ற எண்ணம் எம்மவர் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது போலும்.

ஆகவே, எவ்வளவு ஈயம் என்பதோடு அதை எங்கே, எப்படிக் கட்டுவது என்றும் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து. பெரும் பகுதி அசையாமல் இருக்க வேண்டும். முதுகில் அணியும் உருக்குத் தட்டு சுமார் 6 இறாத்தல். இரட்டைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நீளமான ஈயக் கட்டி ஒன்றைப் பூட்டலாம். மீதியாக ஒரு சில இறாத்தல் மட்டும் பட்டியில் இருக்கட்டும். மிதவைப் பை கிழிந்து போனால் நீந்தி மேலே வர அது உதவும். அந்தப் பட்டியையும் கால்களுக்கிடையே போகும் வாருக்கு உள்ளே கட்டினால் தானாக விழாது. கழற்ற ஒரு படி கூடுதல், அவ்வளவுதான். இழுத்தால் கழலும் பைகளில் பக்கத்துக்குப் பத்து இறாத்தல் போடுவது எமக்குப் பிடிக்கவில்லை. ஒன்று விழுந்தால் ஆள் ஒரு பக்கம் சரிந்தபடி மேலே போவார். கணுக்காலில் கட்டும் ஈயமும் வேண்டாம், கால்தான் களைக்கும்.

இடுப்பில் எல்லாவற்றையும் கட்டுவதில் இன்னொரு தீமை. கால் தாழ்ந்து, முதுகு வளைந்து, நீரைத் தள்ளி நகர்வது கடினமாகும். மூச்சு வாங்கும், உடலில் கரியமிலவாயு தேங்கித் தலையிடி வரும். முதுகுக்கு மாற்றினால் அந்தப் பிரச்சினை குறையும். ஆனால் தரையில் வேறு பிரச்சினை தொடங்கும். நிரம்பிய இரட்டை உருக்குச் சிலிண்டர்கள் தட்டோடு 90 இறாத்தல் அளவில் வரும். அதோடு படகு ஏணியில் ஏறுவது முதுகெலும்புத் தட்டு விலகியவர்களுக்கு ஆகாது. டைவ் முடிந்த கையோடு மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவது குமிழிகளின் விடயத்திலும் நல்லதல்ல. அத்தகையவர்கள் சிலிண்டர்களைப் பக்கவாட்டில், நீருக்குள் இறங்கிய பின் மாட்டிக்கொள்ளும் சைட்மவுண்ட் முறையைப் பயிற்றுநரிடம் கேட்பது நல்லது. படகுகளில் வயதானவர்கள் பலர் அப்படி இறங்குவதைக் கண்டிருக்கிறோம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அளவைத் தீர்மானிப்பது டைவின் தொடக்கத்தை வைத்தல்ல, முடிவை வைத்து. 80 கன அடி சிலிண்டரில் நிரம்பிய காற்று மட்டுமே சுமார் 6 இறாத்தல் எடை. அலுமினியச் சிலிண்டர் காலியானால் தானே மிதக்கத் தொடங்கும். உருக்கு பெரும்பாலும் அப்படியல்ல. சிலிண்டர்கள் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போது, கடைசித் தரிப்பான 10 அடியிலோ 20 அடியிலோ அமைதியாக நிற்க முடிகிறதா என்று ஆழமற்ற நீரில் பார்த்துவிட வேண்டும். அதற்குத் தேவையானதைவிட ஒரு இறாத்தலும் கூடாது. உப்பு நீருக்குப் போனால் மறுபடி பார்க்க வேண்டும்: உடலும் உபகரணமும் 250 இறாத்தல் என்றால் அங்கே 6 இறாத்தல் கூடத் தேவைப்படும்.

அந்தத் தாயாரிடம் இதையே சொல்லி அனுப்பினோம். இரண்டு வாரத்தில் மகனே தொலைபேசியில் பேசினார். ஒற்றை அலுமினியச் சிலிண்டரோடு பழகியபோது கட்டிய 30 இறாத்தலை, இரட்டை உருக்குக்கு மாறிய பின்னும் கணக்குப் பார்க்காமல் கட்டியிருக்கிறார். சோதித்துப் பார்த்து 14 ஆகக் குறைத்தாராம்: 8 சிலிண்டர்களின் நடுவில், 6 பட்டியில். மிச்ச ஈயத்தைக் கராஜில் போட்டிருக்கிறாராம். தம்பி தங்கை எட்டாத உயரத்தில், மூடிய வாளிக்குள் வைக்கச் சொன்னோம். ஈயக் குண்டுப் பை கிழிந்தால் தூசு வரும், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி வைத்தோம்.