இணையத்தின் வாசலிலும் ஒரு சாய்தளம் வேண்டும்



பிரதேச செயலகம், வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களின் வாசலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்வான பாதையொன்று கட்டப்பட்டிருப்பதை இப்போது பல இடங்களில் காண்கின்றோம். சக்கர நாற்காலியில் வருபவரும் செயற்கைக் காலுடன் வருபவரும் பிறர் தூக்கிவிடாமல் தாமாகவே உள்ளே செல்வதற்கான பாதை அது. பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் எமது நாட்டில் 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. எல்லா இடத்திலும் அது நிறைவேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் "ஏன் பாதை இல்லை?" என்று கேட்பதற்கு எமக்கு ஒரு பிடி இருக்கின்றது.

இன்று அலுவலகங்களின் வாசல் கட்டடத்தில் மாத்திரம் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது பிள்ளைகளின் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. 2022இல் எரிபொருள் பெறுவதற்கு இணையத்தில் பதிவு செய்து கியூஆர் குறியீடு எடுக்கவேண்டியிருந்தது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் மேன்முறையீடுகள் இணையத்தினூடாகவும் கோரப்பட்டன. வேலை அறிவித்தல், பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்கு எல்லாமே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. இந்தப் புதிய வாசலில் சாய்தளம் இருக்கின்றதா? பார்வையிழந்த, செவிப்புலன் இழந்த, கையிழந்த எமது சகோதரிகள் இதனூடாக உள்ளே போக முடிகின்றதா? இம்மாதம் இதைப்பற்றிச் சிந்திப்போம்.

குறை எங்கே இருக்கின்றது?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்ற காலத்தில் என் மனதில் ஆழமாகப் பதிந்த கருத்தொன்று உண்டு. ஒருவரின் உடலில் உள்ள பாதிப்பு வேறு, சமூகம் அவருக்கு முன்னால் வைக்கும் தடை வேறு என்பதே அது. பிரித்தானியச் சமூகவியலாளர் மைக் ஒலிவர் 1983இல் இதற்கு 'சமூக மாதிரி' என்று பெயரிட்டு விளக்கினார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே. கால் இயலாதது உடலின் பாதிப்பு. படிக்கட்டை மட்டும் கட்டிவைப்பது சமூகம் செய்யும் தடை. முதலாவதை வைத்தியர்களாலும் முழுமையாக மாற்ற முடியாமற் போகலாம். இரண்டாவதை நாம் மாற்றலாம்.

இது ஒரு சிலரின் பிரச்சினையுமல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, எமது நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதாவதொரு சிரமத்துடன் வாழ்ந்தார்கள். 16 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஷெல்லும் கண்ணிவெடியும் விட்டுச் சென்ற காயங்களோடு வாழும் எமது பிரதேசங்களில், இந்தக் கணக்கை யாரும் எமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"படம்" என்று மட்டும் சொல்லும் போன்

பார்வையில்லாதவர் எப்படிப் போன் பாவிப்பார் என்று சிலர் கேட்பதுண்டு. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருட்கள் இருக்கின்றன. இவற்றைத் திரைவாசிப்பான் என்பார்கள். அன்ட்ரொயிட் போன்களில் 'ரோக்பாக்' என்ற பெயரில் இது உண்டு. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இருக்கின்றது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் இதை உருவாக்கத் தொடங்கினார். பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காக இலவசமாகவே வழங்கப்படுகின்றது. இரண்டிலும் தமிழ்க் குரலைப் பயன்படுத்தலாம்.

எனது கடமைப் பிரதேசத்தில் ஓர் அக்கா இருக்கின்றார். 2009இல் ஷெல் வீச்சில் கணவரையும் தனது இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். மகளின் உதவியுடன் ரோக்பாக் பழகி, செய்தி கேட்பார், குரற்பதிவு அனுப்புவார், ஊர் வட்ஸ்அப் குழுவிலும் இருக்கின்றார். ஒருமுறை பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான சுயதொழில் உதவி பற்றிய கடிதமொன்றை யாரோ படம் பிடித்து அந்தக் குழுவில் போட்டிருந்தார்கள். அக்காவின் போன் அதைப் "படம்" என்று மட்டும் சொல்லியது. மகள் விடுதியில் நின்று படிக்கின்றாள். கடிதத்தின் உள்ளடக்கம் அக்காவுக்குத் தெரியவந்தபோது விண்ணப்ப முடிவுத்திகதி கடந்து இரண்டு கிழமையாகிவிட்டது.

"எல்லாருக்கும் வந்த கடிதம் எனக்கும் வந்ததுதான் தங்கச்சி. எனக்கு மட்டும் அது வாய் திறக்கேல்லை" என்றார்.

அதே கடிதத்தின் முக்கியமான நான்கு வரிகளைக் கீழே தட்டச்சு செய்திருந்தால் அவருடைய போன் அதை வாசித்திருக்கும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு விடயத்தையும் அவர் சொன்னார். அவர் பாவிக்கும் வங்கிச் செயலியில் பல பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. தொட்டால் "பொத்தான், பொத்தான்" என்றுதான் கேட்கும். எது பணம் அனுப்புவது, எது மீதி பார்ப்பது என்று தெரியாது. ஆகவே கணவரின் தம்பியிடம் இரகசிய இலக்கத்தைக் கொடுத்துத்தான் காரியம் பார்க்கின்றார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். தன் கணக்கில் எவ்வளவு இருக்கின்றது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் ஒரு பெண் அறியவேண்டும் என்ற நிலை சரியானதா? ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் விட்டது ஒரு பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரத்தையே பறித்துவிடுகின்றது.

பாமினி எழுத்தும் ஒரு தடை

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல வருடங்களாகப் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தோம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் எமது கண்ணுக்கு அம்மா என்றுதான் தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளே. திரைவாசிப்பான் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளே பதிவாகியிருப்பதையே வாசிக்கும். ஆகவே பாமினியில் உள்ள ஓர் ஆவணம் பார்வையற்றவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கூட்டமாகவே கேட்கும். 'யூனிகோட்' என்ற ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் அம்மா என்பது உள்ளேயும் அம்மாவாகவே இருக்கும். கைத்தொலைபேசியில் நாம் தமிழில் எழுதுவது ஒருங்குறிதான். பழைய பாமினி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் இலவச வசதிகளும் இணையத்தில் உள்ளன.

கடதாசியில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, பின்னர் ஸ்கேன் செய்து இணையத்தளத்தில் போடும் சுற்றறிக்கைகளும் இப்படியே. அவையும் வெறும் படங்களே.

சிட்னியில் ஒருவர் கேட்ட நியாயம்

2000ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மக்குவாயர் என்பவர், ஒலிம்பிக் இணையத்தளத்தில் உள்ள படங்களுக்கு எழுத்து விளக்கம் இல்லை, போட்டி அட்டவணையும் பெறுபேறுகளும் தனக்கு எட்டவில்லை என்று 1999இல் முறைப்பாடு செய்தார். அதிகம் செலவாகும், காலம் போதாது என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. சில வாரங்களில் செய்துவிடலாம் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அந்நாட்டின் மனித உரிமைகள் ஆணைக்குழு 2000 ஓகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தளம் உரிய முறையில் திருத்தப்படாததால் அவருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு வழங்குமாறு பின்னர் உத்தரவிடப்பட்டது. இணையத்தளத்தின் தடையும் பாரபட்சமே என்று உலகுக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டிய தீர்ப்புகளில் அது ஒன்று.

இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற சர்வதேச அமைப்பு இதற்கான வழிகாட்டலை 1999இலேயே வெளியிட்டிருந்தது. 2008, 2018, 2023ஆம் ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் சாரத்தை எளிமையாகச் சொல்வதானால்: எல்லோருக்கும் புலப்படவேண்டும், எல்லோராலும் இயக்க முடியவேண்டும், எல்லோருக்கும் விளங்கவேண்டும், எந்தக் கருவியிலும் இயங்கவேண்டும்.

இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமான விடயமல்ல. குண்டுச் சத்தத்தில் காது கேளாமற் போனவருக்கு வீடியோவின் கீழே எழுத்து வேண்டும். ஒரு கையை இழந்தவருக்குப் பெரிய பொத்தான்களும் இரு விரல்களால் இழுக்கத் தேவையில்லாத வழியும் வேண்டும். தலையில் சன்னங்களோடு வாழ்பவருக்கும், மனப்பாதிப்பால் கவனம் சிதறுபவருக்கும் எளிய வசனமும், படிவத்தை நிரப்பப் போதிய நேரமும் வேண்டும். வயது போய்ப் பார்வை மங்கிய அம்மாவுக்கு வெள்ளைப் பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்து எப்படித் தெரியும்? இன்று அவருக்கு உதவும் வசதி நாளை எமக்கும் தேவைப்படும்.

நாம் செய்யக்கூடியவை

உங்களில் பலர் மாதர் சங்கங்களில் செயலாளராக, முன்பள்ளி ஆசிரியையாக, சிறு வியாபாரம் செய்பவராக இருக்கின்றீர்கள். தினமும் எதையாவது பகிர்கின்றீர்கள். இவற்றைக் கவனத்தில் எடுங்கள்.

1. கடிதத்தையோ அறிவித்தலையோ படமாக அனுப்பினால் விடயம், இடம், திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். எழுத நேரமில்லையென்றால் குரற்பதிவில் வாசித்து அனுப்புங்கள்.

2. குரற்பதிவு மட்டும் அனுப்பினால் செவிப்புலனற்ற சகோதரி விடுபட்டுப் போவார். முக்கிய விடயங்களை இரண்டு விதத்திலும் கொடுங்கள்.

3. பேஸ்புக்கில் படம் போடும்போது மாற்று எழுத்து சேர்க்கும் வசதி உண்டு. "நீல நிறக் கைத்தறிச் சேலை, சிவப்புக் கரை, விலை 4,500 ரூபாய்" என்று எழுதினால் பார்வையற்றவரும் உங்கள் வாடிக்கையாளரே.

4. "சிவப்பில் உள்ளவர்கள் மட்டும் வரவும்" என்று நிறத்தை மட்டும் அடையாளமாகக் கொடுக்காதீர்கள். பெயரை எழுதுங்கள்.

5. இணைப்பு அனுப்பும்போது "இங்கே அழுத்தவும்" என்று மட்டும் எழுதாமல், "விண்ணப்பப் படிவம்" என்பது போல அது என்னவென்று எழுதுங்கள்.

பாதிப்புற்ற சகோதரிகளுக்கு

உங்கள் வீட்டிலோ அயலிலோ பார்வை குறைந்தவர் இருந்தால் இப்பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்ட்ரொயிட் போனின் செட்டிங்ஸில் 'அக்செசிபிலிட்டி' என்ற பகுதிக்குள் ரோக்பாக் இருக்கும். அதை இயக்கியபின் தொடும் முறை மாறிவிடும் என்பதால் பயப்படவேண்டாம். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை விரைவாகத் தட்டினால் திறக்கும், இரு விரல்களால் தள்ளினால் திரை நகரும். பழகுவதற்குச் சில நாட்கள் எடுக்கும். அருகில் ஒருவர் பொறுமையாக இருந்து பழக்கினால் போதும். அதே பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் உண்டு.

தட்டச்சு செய்ய இயலாதவர்கள் விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கி அடையாளத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகும். கூகுள் இவ்வசதியைத் தமிழுக்கு 2017இல் கொண்டுவந்தது. காது கேளாதவர்களுக்கு, எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாகக் காட்டும் 'லைவ் ட்ரான்ஸ்கிரைப்' என்ற இலவசச் செயலி 2019 முதல் உண்டு. தமிழிலும் பாவிக்கலாம், ஆனால் இணையத் தொடர்பு தேவை. சில சொற்களைப் பிழையாகவும் எழுதும். வைத்தியரிடம் போகும்போது முக்கியமானவற்றை எழுதியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாகக் கேளுங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு, 2016இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. கட்டடங்கள், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவலும் இணையமும் அணுகக்கூடியதாக இருக்கவேண்டும் என அதன் 9ஆவது உறுப்புரை கூறுகின்றது. பாரபட்சம் காட்டலாகாது என்ற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் எமது நாட்டில் உண்டு.

ஆகவே ஓர் அலுவலகத்தின் படிவம் உங்களுக்கு எட்டவில்லை என்றால், உதவி கேட்பவராக அன்றி உரிமை கேட்பவராகப் பேசுங்கள். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், என்ன நடந்தது என்று திகதியுடன் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமானால் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். பிரதிபண்ணி ஒன்றை வைத்திருங்கள்.

"வீட்டில் வாசித்துக்காட்ட ஆள் இருக்கின்றார்கள்தானே" என்று சிலர் பதில் சொல்வார்கள். வாசலில் தூக்கிவிட ஆள் இருக்கின்றார்கள் என்பதற்காக நாம் சாய்தளம் கேட்காமல் விடவில்லை. நான் குறிப்பிட்ட அந்த அக்காவின் ஊர்க் குழுவில் இப்போது எந்தக் கடிதம் வந்தாலும் அதன் கீழே எழுத்தும் வருகின்றது. சங்கச் செயலாளரான தங்கை அதைப் பொறுப்பெடுத்திருக்கின்றாள். அடுத்த உதவித் திட்டத்துக்கான விண்ணப்பத்தை அக்கா உரிய திகதிக்குள் கொடுத்துவிட்டார். உங்கள் ஊர்க் குழுவில் அந்தப் பொறுப்பை யார் எடுக்கப்போகின்றீர்கள்?