கட்டாயம் எது, சாத்தியம் எது?

குடிமைப் பணிகள் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான ‘சிசாட்’, 2011-இல் அறிமுகமான நாளிலிருந்தே சர்ச்சை ஓயாத தாளாக இருந்து வருகிறது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம். 2014-இல் தில்லியில் தேர்வர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் அதில் 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் பெற்றால் போதும் என்றானது. தரவரிசைக்கு அந்த மதிப்பெண் சேராது. ஆனாலும் பொது அறிவுத் தாளில் சிறப்பாக எழுதியவர்கள்கூட இந்த 66-ஐத் தாண்ட முடியாமல் வெளியேறுகின்றனர். பத்தாம் வகுப்புத் தரம் என்று பாடத்திட்டத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும் கணக்கில் பட்டதாரிகள் ஏன் தடுமாறுகிறார்கள்?

கணக்கின் தரம் பத்தாம் வகுப்புதான். வினா கேட்கப்படும் முறைதான் பத்தாம் வகுப்பில் இல்லாதது. நம் பள்ளித் தேர்வுகள் ‘தீர்க்க’, ‘சுருக்குக’, ‘மதிப்பைக் காண்க’ என்கின்றன. சிசாட் தாளும், ஜிமேட், ஜிஆர்இ போன்ற அயல்நாட்டு நுழைவுத் தேர்வுகளும், ‘இவற்றுள் எது கட்டாயம் உண்மை?’, ‘விடை காண இந்தத் தரவு போதுமா?’ என்று கேட்கின்றன.

ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியது. அப்படியானால் பின்வருவனவற்றுள் எது கட்டாயம் உண்மை? அந்த எண் 1-ஐவிடப் பெரியது. அது மிகை எண். அது முழு எண். அது அரை அன்று.

பெரும்பாலோர் தயங்காமல் முதல் விடையைத் தேர்வார்கள். 2-இன் வர்க்கம் 4, 3-இன் வர்க்கம் 9, பொருந்துகிறது அல்லவா? ஆனால் குறை எண்ணான -2-இன் வர்க்கமும் 4-தான். அதுவும் -2-ஐவிடப் பெரியதே. ஆக முதல் இரண்டு விடைகளும் வீழ்கின்றன. ஒன்றரையின் வர்க்கம் இரண்டேகால், மூன்றாவதும் வீழ்கிறது. எஞ்சுவது, எவரும் ஏறெடுத்துப் பார்க்காத நான்காவது விடை. அரையின் வர்க்கம் கால். அது அரையைவிடச் சிறியது. ஆகவே அந்த எண் அரையாக இருக்கவே முடியாது. சுவையற்ற உண்மைதான், எனினும் கட்டாய உண்மை அது ஒன்றே.

‘1-ஐவிடப் பெரியது’ என்பது கூற்றை உண்மையாக்கப் போதுமான நிபந்தனை. ஆனால் கூற்று அதைக் கோரவில்லை. போதுமானதற்கும் தேவையானதற்கும் உள்ள இந்த வேறுபாடு பொருளியல் மாணவர்களுக்குப் பழகியது. இலாபம் உச்சத்தை அடைய, இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் சமமாக இருப்பது தேவை. ஆனால் அது மட்டும் போதாது. இது ஒன்றும் மேலைநாட்டு இறக்குமதியும் அன்று. நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம் எதையும் நிறுவாது என்பதை ‘அநைகாந்திகம்’ என்ற பெயரில் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பேசுகிறது. நம் மாணவன் முதல் விடையைத் தேர்ந்தபோது செய்தது அந்தப் பிழையைத்தான்.

பயிற்சி மையங்கள் இதற்கொரு உத்தி கற்பிக்கின்றன. சுழியம், ஒன்று, ஒரு குறை எண், ஒரு பின்னம் ஆகியவற்றை இட்டுப் பார். பொருந்தாத விடையை நீக்கு. நீக்குவதற்கு இது சிறந்த வழி. ஒரே ஓர் எதிர்க்காட்டு போதும். நிறுவுவதற்கோ ஆயிரம் எடுத்துக்காட்டுகளும் போதா. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். சுழியம் முதல் 39 வரை எந்த முழு எண்ணை இட்டாலும் பகா எண்ணே கிடைக்கும். ஆய்லர் பெயரால் அறியப்படும் இந்தக் கோவை 40-இல் சறுக்குகிறது: 1681 என்பது 41-இன் வர்க்கம். நாற்பது முறை பொருந்தியதைக் கண்டவர் ‘எப்போதும்’ என்று சொல்லியிருந்தால் தோற்றிருப்பார். மாறாக, ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணை மட்டும் கூட்டினால் வருவது எப்போதும் இரட்டைப்படை. அது அடுத்தடுத்த இரு முழு எண்களின் பெருக்கல் என்பதால், அவற்றுள் ஒன்று இரட்டையாக இருந்தே தீரும். இங்கே எந்த எண்ணையும் இட்டுப் பார்க்கத் தேவையில்லை.

‘தரவு போதுமா’ வகை வினாக்கள் இன்னும் சுவையானவை. பேனா 5 ரூபாய், குறிப்பேடு 7 ரூபாய். இரண்டிலும் சில வாங்கியதற்கு ஆன மொத்தம் 50 ரூபாய். எத்தனை பேனாக்கள் என்று சொல்ல முடியுமா? ‘மாறிகள் இரண்டு, சமன்பாடு ஒன்று, முடியாது’ என்பது பள்ளியில் மனனம் செய்த விடை. ஆனால் அரைப் பேனா வாங்க முடியாது. குறிப்பேடுகளின் விலை 5-ஆல் வகுபட வேண்டுமாதலால் குறிப்பேடுகள் ஐந்துதான், பேனாக்கள் மூன்றுதான். தரவு போதும். சூத்திரம் தெரிந்தவர் தவறவிடுவதைக் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

நிர்வாகப் பணிக்கு வருபவருக்கு இந்த இயற்கணிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பணவீக்கம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தால் ‘விலைவாசி குறைந்தது’ என்று மேடைதோறும் பேசப்படுகிறது. உண்மையில் விலைவாசி 4 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. சராசரி வருமானத்தின் கதையும் இதுவே. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் நால்வரும் 60,000 ஈட்டும் ஒருவரும் உள்ள குழுவின் சராசரி 20,000. நால்வரின் வருமானம் 9,000 ஆகச் சரிந்து, ஐந்தாமவரின் வருமானம் 90,000 ஆனால், சராசரி 25,200 ஆக உயர்ந்துவிடுகிறது. சராசரி உயர்ந்ததிலிருந்து கட்டாயமாகப் பெறப்படுவது, யாரேனும் ஒருவருக்காவது வருமானம் கூடியது என்பது மட்டுமே. இந்த வேறுபாட்டை உணராத ஒருவர் மாவட்டத்தின் நலத்திட்டங்களை மதிப்பிடும் இடத்தில் அமரக் கூடாது. ஆகவே சிசாட் தாளையே நீக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை.

மொழி பற்றிய முறையீட்டில் முழு நியாயம் இருக்கிறது. இத்தகைய வினாவின் உயிர் எண்களில் இல்லை. ‘இருந்தால்’, ‘இருந்தால் மட்டுமே’, ‘எல்லாம்’, ‘சில’ போன்ற சொற்களில் இருக்கிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதிக்கும் ஆணையம், முதல்நிலைத் தாளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தருகிறது. தமிழ்வழியில் படித்தவர் தடுக்கி விழுவது கணக்கிலா, அந்நிய மொழியின் ஒரு துணைவினையிலா என்பதை இந்தத் தாளால் பிரித்தறிய முடியாது. நீட் தேர்வு தமிழ் உள்பட 13 மொழிகளில் நடக்கிறது; 2021 முதல் ஜேஇஇ முதன்மைத் தேர்வும் அப்படியே. பணியாளர் தேர்வாணையமும் 2023-இல் பன்னோக்குப் பணியாளர் தேர்வை வட்டார மொழிகளுக்கு விரித்தது. சிசாட் மட்டும் விலகி நிற்கக் காரணமில்லை.

தமிழில் தந்தாலும் கவனம் தேவை. ‘மிகை எண்ணாக இருக்க வேண்டும்’ என்றால் அது நிபந்தனையா, முடிவா என்பது விளங்காது. ‘இருந்தே தீரும்’, ‘இருக்கக்கூடும்’, ‘இருக்கவே முடியாது’ என மூன்று தொடர்களை வரையறுத்து முன்கூட்டியே வெளியிட்டால் குழப்பம் எழாது. அதற்குத் தில்லியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ளன. அவற்றுள் இரண்டையேனும் ‘எது கட்டாயம் உண்மை’ என்ற வகையில், பாடநூலில் இல்லாத புதிய வினாக்களாக அடுத்த ஆண்டே கேட்கலாம்.