எச்சரிக்கை அட்டையா, பூட்டா? – தொழிற்பாதுகாப்புச் சிந்தனை பற்றிய ஒரு விவாதம்

ஆலையொன்றில் இயந்திரத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளியின் கை உருளைகளுக்கிடையே அகப்பட்டு நசுங்குகின்றது. வேறோர் ஆலையில், நீராவிக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தவர்மீது, தொலைவில் நின்ற ஒருவர் வால்வைத் திறந்துவிட்டமையால், கொதிநீராவி பாய்கின்றது. விசாரணை நடைபெறுகின்றது, அறிக்கை எழுதப்படுகின்றது. அவ்வறிக்கையின் இறுதிப் பந்தியிலே பெரும்பாலும் இடம்பெறும் சொல் ஒன்றுண்டு. அது ‘கவனக்குறைவு’ என்பதாகும். அச்சொல்லுக்குத் துணையாக, எச்சரிக்கை அட்டை தொங்கவிடப்பட்டிருந்ததென்றும் அது கவனிக்கப்படவில்லையென்றும் ஒரு வாக்கியம் சேர்க்கப்படுகின்றது. அத்துடன் கோப்பு மூடப்படுகின்றது.

இவ்வாக்கியத்தினுள் பொதிந்துள்ள சிந்தனை ஆராயப்பட வேண்டியதாகும். பழுதுபார்க்கும் வேலை தொடங்குமுன் இயந்திரத்தில் எச்சரிக்கை அட்டையைக் கட்டுதல் அவசியமான நடைமுறை என்பதில் ஐயமில்லை. ஆயின், அட்டையைக் கட்டுவதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுகின்றது என்ற கருத்து தவறானது மட்டுமன்றி, ஆபத்தானதுமாகும். உயிரைக் காக்கும் பொறுப்பை உடைமையாளரிடமிருந்து எடுத்து, உயிரைப் பணயம் வைப்பவனிடமே அது ஒப்படைத்துவிடுகின்றது.

1. அட்டையின் இயல்பு

நின்றுபோன இயந்திரம் செத்துப்போன இயந்திரமன்று. ஆளியை அணைத்த பின்னரும் அதனுள்ளே சக்தி உறைந்திருக்கக்கூடும். மின்கொள்ளளவிகளில் மின்னேற்றமும், குழாய்களில் அழுத்தப்பட்ட காற்றும் நீராவியும், சுருள்வில்லில் இழுவிசையும், உயர்த்தி நிறுத்தப்பட்ட பாரத்தில் புவியீர்ப்பின் ஆற்றலும் தங்கி நிற்கின்றன. எனவே பழுதுபார்ப்போர் முறையாகச் செய்ய வேண்டியவை பல. இயந்திரத்தை நிறுத்துதல், சக்தி வரும் வழிகள் யாவற்றையும் துண்டித்தல், துண்டித்த இடங்களைப் பூட்டுதல், எஞ்சிய சக்தியை வெளியேற்றுதல், இறுதியாக இயக்கிப் பார்த்து அது இயங்காதென்பதை உறுதிசெய்தல் என்பன அவை. அட்டையானது இவ்வொழுங்கின் ஒரு சிறு உறுப்பேயாகும். யார் இங்கு வேலை செய்கின்றார், ஏன் இதனைத் தொடக்கூடாது என்ற செய்தியை அது அறிவிக்கின்றது.

பூட்டுக்கும் அட்டைக்குமிடையே அடிப்படை வேறுபாடொன்றுண்டு. பூட்டுத் தடுக்கின்றது, அட்டை வேண்டிக்கொள்கின்றது. பூட்டின் திறப்பு வேலை செய்பவனின் சட்டைப்பையில் இருக்கும்வரை, மேற்பார்வையாளர் எத்துணை அவசரப்பட்டாலும் இயந்திரம் சுழலாது. அட்டையோ படிப்பவனின் கண்பார்வையையும், எழுத்தறிவையும், ஞாபகத்தையும், நல்லெண்ணத்தையும் நம்பியே தொங்குகின்றது. காற்றிலே அறுந்து விழலாம். எண்ணெயில் ஊறி எழுத்தழியலாம். வேலை முடிந்த பின்னரும் நாட்கணக்கில் தொங்கித் தன் பொருளையே இழந்துவிடலாம். எப்போதும் தொங்கும் அட்டையை எவரும் படிப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் சட்டமே இதனை ஒப்புக்கொண்டுள்ளது. 1979இல் அந்நாட்டு மோட்டார்த் தொழிலாளர் சங்கம், இயந்திரங்களைப் பூட்டும் முறையை உடனடியாகக் கட்டாயமாக்க வேண்டுமென அரசிடம் மனுச் செய்தது. விதி வெளிவந்ததோ 1989இல். அவ்விதியின்படி, பூட்டக்கூடிய கருவியாயின் பூட்டுதலே முறை. அட்டையை மட்டும் பயன்படுத்த விரும்பும் தொழில்தருநர், அது பூட்டுக்கு இணையான பாதுகாப்பைத் தருமென நிறுவியாக வேண்டும். அட்டைகள் பொய்யான பாதுகாப்புணர்வைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதும் அவ்விதியிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. அட்டையைக் கட்டும் இழைகூட ஐம்பது இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். ஒருமுறை அவிழ்த்தபின் மீளவும் பயன்படக்கூடாது. இத்தனை நிபந்தனைகளின்றி அட்டையை நம்புதல் தகாதென்பது சட்டத்தின் துணிபாகும். ஆயினும் பூட்டுக்கு மாற்றாக அட்டையை முற்றாக விலக்க அவ்விதி முன்வரவில்லை. கோரிக்கைக்கும் விதிக்குமிடையே சென்ற பத்தாண்டுக் காலத்திற்குத் தொழிலாளர் தம் கைகளாலும் உயிர்களாலும் விலை கொடுத்தனர்.

2. ‘கவனக்குறைவு’ என்னும் கோட்பாடு

விபத்துக்குக் காரணம் தொழிலாளியே என்ற கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1931இல் ஹேபேர்ட் ஹைன்றிக் என்பவர் கைத்தொழில் விபத்துத் தடுப்புப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். விபத்துக்களுள் 88 சதவீதமானவை மனிதரின் பாதுகாப்பற்ற செயல்களால் விளைவன என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிபாகும். இவ்வெண் பல தசாப்தங்களாகப் பாடநூல்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் வேதவாக்காக ஓதப்பட்டு வந்துள்ளது. எனினும், ஹைன்றிக் காப்புறுதிக் கம்பனியொன்றின் அலுவலர் என்பதும், அவர் ஆராய்ந்த பதிவுகள் காப்புறுதிக் கோவைகளும் ஆலை உடைமையாளரின் அறிக்கைகளுமே என்பதும் ஓதுவோரால் அரிதாகவே சொல்லப்படுகின்றன. மேற்பார்வையாளன் எழுதிய அறிக்கையில் மேற்பார்வையாளன் குற்றவாளியாகத் தோன்றுவது எங்ஙனம்? குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாக்குமூலம் பதிவாகாத நீதிமன்றத்தில் 88 சதவீதத் தீர்ப்பு வியப்புக்குரியதன்று.

ஹைன்றிக்குக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு முறையில் இவ்விடயம் ஆராயப்பட்டிருந்தது. கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் என்ற பெண் சட்டத்தரணி, பிற்ஸ்பேர்க் நகரை உள்ளடக்கிய மாவட்டத்தில் ஒரே ஆண்டில் தொழிலிடத்தில் நிகழ்ந்த 526 மரணங்களை ஆராய்ந்து 1910இல் நூலாக வெளியிட்டார். அவர் அறிக்கைகளோடு நின்றுவிடவில்லை. இறந்தோரின் குடும்பங்களையும் உடன் வேலை செய்தோரையும் நாடினார். பெரும்பாலான விபத்துக்களுக்குத் தொழிலாளியின் அசட்டையே காரணம் என்ற அக்காலப் பொதுக்கூற்றை அவரது ஆய்வு தகர்த்தது. நீண்ட வேலைநேரம், வெப்பம், இரைச்சல், உற்பத்தியின் வேகம் ஆகியவற்றுக்கிடையே வாழும் ஒருவனிடம் ஓயாத விழிப்பை எதிர்பார்ப்பது எத்துணை நியாயம் என்ற வினாவை அவர் எழுப்பினார். ஈஸ்ற்மனின் முறை பின்தள்ளப்பட்டு ஹைன்றிக்கின் எண் முன்னிறுத்தப்பட்டமை தற்செயலெனக் கொள்வதற்கில்லை. எது எவருக்குப் பயன்பட்டதோ அது நிலைபெற்றது.

3. மூன்று நிகழ்வுகள்

இக்கருத்தை மூன்று நிகழ்வுகள் தெளிவுறுத்தும்.

முதலாவது, 1979 மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது. நீரூட்டும் முதன்மைப் பம்பிகள் நின்றுபோனவுடன் அவசரகாலப் பம்பிகள் தாமாகவே இயங்கத் தொடங்கின. ஆயின் அவற்றின் பாதையிலிருந்த இரு வால்வுகள் மூடிக்கிடந்தன. அவை மூடியிருந்தமையைக் காட்டும் விளக்குகள் கட்டுப்பாட்டறையில் எரிந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பராமரிப்பு வேலைக்கான மஞ்சள் அட்டையொன்று மறைத்திருந்தது. எட்டு நிமிடங்கள் சென்ற பின்னரே வால்வுகள் மூடியிருப்பது அறியப்பட்டது. உலைக்கருவின் சேதத்துக்குத் தீர்க்கமான காரணம் திறந்தபடி சிக்கிக்கொண்ட வேறொரு வால்வே என்பது உண்மை. எனினும், எச்சரிப்பதற்கெனத் தொங்கவிட்ட அட்டையே எச்சரிக்கையை மறைத்ததென்பது சிந்தனைக்குரியது. அட்டை எங்கே தொங்கவேண்டும், கட்டுப்பாட்டுப் பலகை எவ்வாறு அமையவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவர் இரவுமுறையில் விழித்திருக்கும் இயக்குநர் அல்லர்.

இரண்டாவது, வட கடலில் பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையில் 1988 யூலை 6ஆம் நாள் இரவு நிகழ்ந்த பேரழிவாகும். இரு பம்பிகளுள் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அழுத்தக் காப்பு வால்வும் கழற்றப்பட்டு, அவ்விடம் ஒரு தகட்டினால் மூடப்பட்டிருந்தது. பம்பிக்கு ஓர் அனுமதிப் பத்திரம்; வால்வுக்கு வேறோர் அனுமதிப் பத்திரம். மற்றப் பம்பி நின்றுபோனபோது, இரவுமுறையினர் முதலாவது பம்பியை மீள இயக்க முற்பட்டனர். வால்வு கழற்றப்பட்டிருந்தமை அவர்களுக்குத் தெரியாது. வாயு கசிந்தது, மேடை வெடித்தது, 167 பேர் மாண்டனர். எழுத்து இருந்தது, ஆனால் இருக்கவேண்டிய கைகளில் இருக்கவில்லை. கல்லன் பிரபுவின் பகிரங்க விசாரணை அனுமதி முறையும் முறைமாற்றத் தகவற் பரிமாற்றமும் சீர்குலைந்திருந்தமையைச் சுட்டி, 1990இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தது. 1987இல் அதே மேடையில் ஒரு தொழிலாளி மரணமுற்றபோதே இக்குறைகள் வெளிப்பட்டிருந்தன. அத்தனைக்குப் பின்னரும் பேரழிவுக்காக அந்நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்கெதுவும் தொடரப்படவில்லை.

மூன்றாவது, 1989 ஒக்ரோபர் 23ஆம் நாள் ரெக்சாஸ் மாநிலத்தின் பசடீனாவில் பிளாஸ்ரிக் உற்பத்திச் சாலையொன்றில் நிகழ்ந்தது. அடைபட்ட குழாயொன்றைத் துப்புரவு செய்யும்போது, எரிவாயுவைத் தடுத்து நிற்கவேண்டிய ஒரே வால்வு திறந்துகொண்டது. அதனை இயக்கும் காற்றுக் குழாய்கள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. வால்வைப் பூட்டிவைக்கும் சாதனம் இடப்பட்டிருக்கவில்லை. 23 பேர் உயிரிழந்தனர். முந்நூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இரட்டைத் தடுப்பு வேண்டுமென்ற விதி கம்பனியின் தலைமையகக் கோவைகளில் இருந்தது. ஆலையின் நடைமுறையில் இருக்கவில்லை. பைப்பர் அல்பாவில் வால்வைக் கழற்றியோரும் பசடீனாவில் குழாயைத் துப்புரவு செய்தோரும் ஒப்பந்தகாரரின் கீழ் வேலை செய்தவர்கள் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆலையை அறியாதவனிடம் ஆலையின் மிக ஆபத்தான வேலை ஒப்படைக்கப்படுகின்றது; பின்னர் அவனது அறியாமை குற்றமாகின்றது.

4. இலங்கைச் சூழல்

இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமாகும். இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளை வேலியிட்டுக் காத்தலே இயந்திரப் பாதுகாப்புப் பற்றி அது கொண்டிருந்த மையக் கருத்து. ஆயின், வேலி அகற்றப்படும் வேளையிலேதான் பழுதுபார்ப்பு நிகழ்கின்றது. உற்பத்தி நடக்கும்போது தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடு, உற்பத்தி நின்று திருத்தம் நடக்கும்போது அவனைக் கைவிடுகின்றது. இந்த இடைவெளியை அட்டையால் மூடிவிட முடியாது.

இங்கே அட்டை பற்றிய வினா மொழி பற்றிய வினாவுமாகும். அட்டை செய்தி என்றால், அது எம்மொழியில் எழுதப்படுகின்றது? மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளில் உருட்டும் இயந்திரங்களுக்கும் உலர்த்திகளுக்கும் அருகே தலைமுறை தலைமுறையாக உழைத்து வருவோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மொழியுரிமை என்பது அரச அலுவலகத்தின் படிவத்தோடும் பெயர்ப்பலகையோடும் முடிந்துவிடும் சங்கதியென எண்ணுவோர், ஆலையின் ஆளிப் பலகைக்கு முன் சென்று நிற்றல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட ‘இயக்காதே’ என்ற கட்டளை, அம்மொழியை அறியாதவனுக்குச் சிவப்புத் தாளேயன்றி வேறன்று. அவ்வாறே தமிழில் மட்டும் எழுதப்பட்டது சிங்களத் தொழிலாளிக்குப் பயன்படாது. இவ்விடத்தில் இரு மொழித் தொழிலாளரின் நலனும் ஒன்றேயாகும். ஒருவன் படிக்கத் தவறிய அட்டையால் சாகப்போகிறவன் மற்றவனாகவே இருக்கலாம்.

5. இரு மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழலாம்.

ஒன்று நிர்வாகத் தரப்பினது. பூட்டுமுறை உற்பத்தியைத் தாமதப்படுத்தும் என்பதும், தொழிலாளரே அவசரத்தில் பூட்டுக்களைப் புறக்கணிக்கின்றனர் என்பதும் அத்தரப்பின் கூற்று. இரண்டாவது கூற்றில் உண்மையில்லை எனல் பொருந்தாது, புறக்கணிப்போரும் உளர். ஆயின் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? நாளொன்றுக்கு இத்தனை என்று இலக்கு விதித்து, இயந்திரம் நின்ற நேரத்துக்குக் கணக்குக் கேட்டு, துண்டு வீதத்தில் கூலி தரும் அமைப்பிலே பூட்டைத் தேடிச் செல்லும் ஐந்து நிமிடம் தொழிலாளியின் கூலியிலிருந்தே கழிகின்றது. அவசரத்தை உற்பத்தி செய்பவர் அவசரத்தைக் கண்டிக்கும் தகுதியை இழந்துவிடுகின்றார்.

மற்றது தம்மை முற்போக்காளரெனக் கருதும் சிலருடையது. அட்டையும் பூட்டும் வெறும் சீர்திருத்தங்கள். உற்பத்தி உறவுகள் மாறும்வரை இவற்றால் பயனில்லை என்பர். இஃது உழைப்பாளரின் பெயரால் பேசப்படும் உழைப்பாளர் விரோதக் கருத்தாகும். நாளை மலரும் சமுதாயத்துக்கும் இன்றைய தொழிலாளி இரு கைகளுடன் போய்ச் சேரவேண்டும். தவிரவும், பூட்டின் திறப்பை வேலை செய்பவனே வைத்திருத்தல், அவனன்றி வேறெவரும் அதனைத் திறவாதிருத்தல் என்ற விதி, இயந்திரத்தின்மீது சிறிது நேரமேனும் தொழிலாளியின் அதிகாரத்தை நிலைநாட்டுகின்றது. மேலாளருங்கூட அத்திறப்புக்காகக் காத்து நிற்க வேண்டியுள்ளது. இதனை அற்பமெனத் தள்ளிவிடுவோர் ஆலையின் உட்புறத்தைக் கண்டறியாதவர்களேயாவர்.

6. முடிபு

ஆகவே கோரப்பட வேண்டியவை தெளிவானவை. பூட்டக்கூடிய கருவி யாவற்றுக்கும் பூட்டு. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறப்பு. அங்கு உழைப்போர் அனைவரும் அறிந்த மொழிகளில் அட்டை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் நிரந்தரத் தொழிலாளர்க்கும் ஒரே விதி. முறை மாறும்போது எழுத்தாலும் நேர்ப்பேச்சாலும் பொறுப்பளித்தல். விபத்து விசாரணைகளில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் என்பன அவை.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் பங்குண்டு. பொறியியற் பீடம் இயந்திரத்தைப் பயில்கின்றது. கலைப்பீடம் சமூகத்தைப் பயில்கின்றது. இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதனோ இவ்விரண்டுக்கும் நடுவே பயிலப்படாத பாடமாக விடப்பட்டுள்ளான். பொருளியல் மாணவர் உற்பத்தித்திறன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அவ்வுற்பத்தியில் இழந்த விரல்கள் எந்த அட்டவணையிலும் கணக்கிடப்படுவதில்லை. ஈஸ்ற்மன் 1910இல் செய்து காட்டிய பணி, இறந்தோரின் வீடுகளுக்குச் சென்று கேட்டு எழுதும் பணி, இந்நாட்டின் ஆலைகளையும் தோட்டங்களையும் பொறுத்தவரை காத்துக்கிடக்கின்றது. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதுவதற்கு முன்னர், கவனம் செலுத்தும் கடமை முதலில் எவருடையது என்ற வினா கேட்கப்பட்டே ஆகவேண்டும்.