கொடையாளர்க்கு இருக்கை, நோயாளர்க்கு?

2005-ஆம் ஆண்டு நடுவணரசு தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் ‘ரோகி கல்யாண் சமிதி’ என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது. ‘கல்யாண்’ எனக் கேட்ட சிற்றூர்த் தாய் மணவிழா என்றன்றோ எண்ணுவாள்! தமிழ்நாட்டில் அது ‘நோயாளர் நலச் சங்கம்’ எனத் தமிழ்ப்பெயர் பூண்டது. நன்று. ஆயின், பெயர் தமிழானாற் போதுமா?

மருத்துவமனைக்கு வரும் பொருளை எதற்குச் செலவிடுவது என முடிவுசெய்யும் அவை அது. அவ்வியக்கம் தொடக்கத்தில் வகுத்த நெறிமுறை, அதன் உறுப்பாளர் இன்னாரெனக் குறித்தது: மக்கள் சார்பாளர், அலுவலர், மருத்துவர், ஊர்ப்பெரியவர், பெருங்கொடையாளர். பொருள் கொடுத்தார்க்கு இடமுண்டு. நோயைச் சுமந்தார்க்குத் தனியிடம் இல்லை. எம்மருந்து தீர்ந்தது, எந்நேரம் மருத்துவர் இலர் என்பவற்றை வரிசையில் நின்றவரன்றோ அறிவர்?

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1974-இல் அமைந்த மக்கள் நலவாழ்வு மன்றங்கள், மருத்துவமனைக்குள் சென்று பார்வையிடவும், அதனை மூடும் முடிவை எதிர்த்து முறையிடவும் உரிமை பெற்றிருந்தன. இங்கிலாந்து 2003-இல் அவற்றைக் கலைத்தது. வேல்சு விடாது காத்தது. 2023-இல் அவற்றினிடத்து வந்த புதிய அமைப்புக்கும், ‘குரல்’ எனப் பொருள்படும் தாய்மொழிச் சொல்லையே வேல்சு நாட்டார் பெயராக இட்டனர்.

இங்கும் உறுப்பாளருள் மூவரில் ஒருவரேனும் நோயாளராதல் வேண்டும். அவருட் பாதியர் பெண்டிராதல் வேண்டும். அவையின் முடிவுகள் தமிழில் எழுதப்பெற்றுப் புறநோயாளர் பகுதியில் ஒட்டப்பெறல் வேண்டும். இஃது இரந்து பெறும் அருளன்று. வரி கொடுப்பாரின் உரிமை. தமிழர் கேட்டுப் பெறுக!